பழைய பிக்கப்பை எவ்வளவு உயர்த்தலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முப்பது ஆண்டுகளைக் கடந்த நான்கு சக்கர இயக்கப் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் திட ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு), பட்டை ஸ்பிரிங். கல்லும் பள்ளமுமான பாதைகளில் அடிப்பாகம் அடிக்கடி இடிக்கிறது. வண்டியை உயர்த்தும் நான்கு அங்குல லிஃப்ட் கிட் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். நண்பர்கள் ஆறு அங்குலமே நல்லது என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வண்டி இப்போது எவ்வளவு தாழ்ந்து போயிருக்கிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த மாடலின் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கையேடு கிடைக்காவிட்டால் ஸ்பிரிங்கைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்: வெற்று வண்டியிலேயே பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகியிருந்தாலோ, ஆக்சிலுக்கும் சேஸில் (அடிச்சட்டத்தில்) உள்ள பம்ப் ஸ்டாப் எனும் தடுப்பு ரப்பருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தாலோ, ஸ்பிரிங் தன் ஆயுளை முடித்துவிட்டது என்று கொள்ளலாம். இவ்வளவு வயதான வண்டிகளில் ஒன்றரை அங்குலம் வரை இறங்கியிருப்பது வியப்பில்லை. ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் உயரம் பெரும்பாலும் வண்டி புதிதாக இருந்தபோதைய நிலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒன்றரை அங்குலம் இறங்கிய வண்டியில் 'இரண்டு அங்குல' ஸ்பிரிங் பொருத்தினால், இன்றைய நிலையிலிருந்து மூன்றரை அங்குலம் உயர்ந்துவிடும். நீங்கள் தேடும் உயரத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடலாம்.

அடுத்து, எந்த இடம் இடிக்கிறது என்பதைக் கீழே படுத்துப் பாருங்கள். சேஸ், எரிபொருள் தொட்டி, கதவின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் கீறல்கள் இருந்தால் சஸ்பென்ஷனை உயர்த்துவது பயன் தரும். ஆக்சிலின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் கியர்) கூட்டில்தான் அடிபட்டிருக்கிறது என்றால், ஆறு அங்குலம் உயர்த்தினாலும் அந்த இடம் ஒரு நூலளவும் மேலே வராது. திட ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள ஆக்சில், சக்கரத்தோடு சேர்ந்தே நிற்கிறது. அதை உயர்த்த வல்லது டயர் மட்டுமே. அதுவும் விட்டத்தில் கூடும் அளவின் பாதிதான். 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால் டிஃபரன்ஷியல் ஓர் அங்குலம் உயரும்.

ஆதலால் டயரின் அளவை முதலில் முடிவு செய்து, அந்த டயர் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிய நிலையிலும், ஒரு சக்கரம் மேலே ஏறி ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய நிலையிலும் எங்கும் உரசாமல் சுழல எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவு மட்டும் உயர்த்துவதே முறை. 31 அங்குல டயருக்கு, நடுத்தர அளவுள்ள பழைய பிக்கப்புகள் பலவற்றில் இரண்டு அல்லது இரண்டரை அங்குலம் பெரும்பாலும் போதும். உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

ஆறு அங்குலம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். வண்டி பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் தன்மையை மதிப்பிட, சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை எடைமையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுப்பது வழக்கம். அகலம் 140 சென்டிமீட்டர், எடைமையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று எடுத்துக்கொண்டால் விடை 1.0. எடைமையம் 5 சென்டிமீட்டர் (இரண்டு அங்குலம்) உயர்ந்தால் அது 0.93 ஆகிறது, 15 சென்டிமீட்டர் (ஆறு அங்குலம்) உயர்ந்தால் 0.82. ஆக்சிலும் சக்கரமும் உயர்வதில்லை என்பதால் உண்மையில் எடைமையம் லிஃப்டின் அளவைவிடச் சற்றுக் குறைவாகவே உயரும். ஆனால் பெரிய டயர் அந்தச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சரிவான பாதையில் பக்கவாட்டாகச் செல்லும்போதும், நெடுஞ்சாலையில் திடீரென்று ஒதுங்க நேரும்போதும் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. இது தவிர, ஆக்சிலுக்கு விசை கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம், ஸ்டியரிங் இணைப்புக் கம்பியின் கோணம், பிரேக் ஹோஸின் நீளம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டிய வேலைப் பட்டியலும் ஆறு அங்குலத்தோடு வந்து சேரும்.

கேள்வி: ஸ்பிரிங் முழுவதையும் மாற்றுவதற்குப் பதிலாகக் கூடுதல் பட்டை ஒன்றைச் செருகுவது, ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது, ஸ்பிரிங் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கில் எனும் தொங்கு இணைப்பை நீளமானதாக மாற்றுவது ஆகிய வழிகளைச் சொல்கிறார்கள். செலவும் குறைவு. இவை நம்பத்தக்கவையா?

பதில்: மூன்றும் ஒரே தரத்தவை அல்ல. கூடுதல் பட்டை, ஸ்பிரிங் இன்னும் ஓரளவு உயிரோடு இருக்கும் வண்டியில், எப்போதும் சுமை ஏற்றுபவருக்கு ஏற்றது. களைத்த பட்டைகளுக்கு நடுவே விறைப்பான புதுப் பட்டை ஒன்றைச் செருகினால் பாரம் அதன் மேலேயே விழும். வெற்று வண்டி குதித்துக் குதித்து ஓடும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கும் வீச்சும் குறையும். கரடுமுரடான பாதைக்காக உயர்த்துபவருக்கு இது எதிர்த்திசையில் செய்யும் உதவி.

இரும்புக் கட்டையைப் பின் ஆக்சிலில் மட்டும், ஒரே ஒரு கட்டையாக, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் வைத்தால் குறை சொல்லமாட்டேன். கட்டை உயர உயர, ஆக்சில் ஸ்பிரிங்கை முறுக்கும் விசையின் பிடி நீள்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பட்டைகள் 'எஸ்' வடிவில் நெளிந்து, திடீரென்று விடுபட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட்டை உடைத்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டைகளை அடுக்குவதும், முன் ஆக்சிலில் கட்டை வைப்பதும் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. பிரேக்கின் பெரும்பாரமும் ஸ்டியரிங்கின் விசையும் முன் ஆக்சிலில்தான் விழுகின்றன. அங்கே கட்டை நழுவினால் ஓட்டுநரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஷாக்கிலைப் பொறுத்தவரை, இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறத்தாழ ஓர் அங்குலம்தான் உயரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முன் ஸ்பிரிங்கின் முன்முனையில் ஷாக்கில் அமைந்த வண்டிகளில் அது காஸ்டர் கோணத்தையும் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) குறைத்துவிடுவதால், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் பண்பு மங்கும்.

புதிய முழு ஸ்பிரிங் கட்டு வாங்குவதே என் முதல் தேர்வு. வாங்கும்போது உயரத்தை மட்டும் சொல்லாமல், முன்னால் கனமான பம்பரோ வின்ச்சோ (இழுவை இயந்திரம்) இருக்கிறதா, பின்தட்டில் நிரந்தரமாக எவ்வளவு சுமை இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஒரே உயரத்துக்கு வெவ்வேறு சுமைத் திறன்களில் ஸ்பிரிங் கிடைக்கிறது. அந்தத் தேர்வில் தவறினால், எவ்வளவு நல்ல தயாரிப்பாக இருந்தாலும் வண்டி விறைப்பாக ஓடும்.

கேள்வி: என் வண்டியில் முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) உள்ளது. அதன் போல்ட்டை முறுக்கினாலே மூன்று அங்குலம் உயரும் என்றார் ஒரு மெக்கானிக். தனியாக எதுவும் வாங்காமல் அப்படியே செய்துவிடலாமா?

பதில்: உயரும் என்பது உண்மை, செய்யலாம் என்பது அதிலிருந்து பின்தொடரவில்லை. வட அமெரிக்கச் சந்தையில் டொயோட்டாவின் நான்கு சக்கர இயக்கப் பிக்கப் 1986 மாடலிலிருந்தும், செவ்ரோலே பெரிய பிக்கப் 1988 மாடலிலிருந்தும் திட முன் ஆக்சிலை விட்டு, ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்து அசையும் இந்த டார்ஷன் பார் அமைப்புக்கு மாறின. ஆகவே ஒரே பெயருள்ள வண்டிக்கும் ஆண்டைப் பொறுத்து முற்றிலும் வேறான லிஃப்ட் தேவைப்படும். வாங்குமுன் ஆண்டை உறுதி செய்யுங்கள்.

போல்ட்டை முறுக்குவதால் கம்பியின் விறைப்பு கூடுவதில்லை. அது ஓய்ந்து நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது. சக்கரம் கீழே இறங்குவதற்கென்று ஒதுக்கப்பட்ட வீச்சை எடுத்து உயரமாகக் காட்டுகிறோம். மூன்று அங்குலம் முறுக்கிய வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் மேல் கை ஏறக்குறைய கீழ்நிறுத்த ரப்பரிலேயே சாய்ந்து நிற்கும்; ஒவ்வொரு பள்ளத்திலும் உலோகத்தில் உலோகம் மோதுவது போன்ற அதிர்வு வரும். அதோடு சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் சிவி ஜாயின்ட்டும், கைகளைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும் தங்கள் எல்லைக் கோணத்திலேயே வேலை செய்து விரைவில் தேய்ந்துபோகும். ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் என்று நிறுத்தி, வீல் அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் டிஃபரன்ஷியலையும் கீழ்க் கைகளையும் சேர்த்துத் தாழ்த்தும் பிராக்கெட் கிட் தேவை. அப்படிச் செய்யும்போது டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே நிற்பதையும், புதிய பிராக்கெட்டுகள் கீழே தொங்குவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்டின் நான்கு சக்கர இயக்க எஃப்-150 பிக்கப்பில் 1980 முதல் 1996 வரை இருந்த இரட்டை உத்தர அமைப்பு (சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு அசையும் உத்தரங்கள்) இவை எதிலும் சேராது. அதில் சுருள் ஸ்பிரிங்கை மட்டும் உயரமாக மாற்றினால் சக்கரங்களின் மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்து டயர் ஓரம் தேயும். உத்தரங்களின் சுழல்முனைகளைத் தாழ்த்தும் பிராக்கெட்டுகளோடு வரும் கிட்டைத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: நான்கு அங்குலம் உயர்த்திய பிறகு, பிரேக் போட்டால் வண்டி முன்பைவிட முகம் குத்துகிறது, பின் பிரேக் பிடிப்பதே தெரியவில்லை. பிரேக் ஷூவெல்லாம் புதியவை. காரணம் என்ன?

பதில்: பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பியும் அதன் முனையில் ஒரு வால்வும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல பிக்கப்புகளில் சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. சுமை ஏறினால் சேஸ் தாழும். அதைக் கண்டு வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நீங்கள் சேஸை உயர்த்தியதால், வண்டி எப்போதும் வெறுமையாக இருப்பதாக அது எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆக்சிலில் கம்பி பொருந்தும் பிராக்கெட்டை லிஃப்டின் அளவுக்கே உயர்த்திக் கையேட்டின்படி சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை அந்த வண்டியை ஈரச் சாலையில் ஓட்ட வேண்டாம்.

அதே நேரத்தில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டு, ரப்பர் பிரேக் ஹோஸ் எதுவும் விறைத்து இழுபடுகிறதா என்று முன்னும் பின்னும் பாருங்கள். ஹோஸ்தான் ஆக்சிலைத் தாங்கிப் பிடிக்கிறது என்ற நிலை இருந்தால் உடனே நீளமானதாக மாற்ற வேண்டும்.

கேள்வி: டயரை 29 அங்குலத்திலிருந்து 31 ஆக்கியதால் வேகமானி தவறாகக் காட்டுமா?

பதில்: ஆம், குறைத்துக் காட்டும். முள் 80 கிலோமீட்டரில் நிற்கும்போது உண்மையான வேகம் 85-ஐத் தாண்டியிருக்கும். ஆக்சிலின் கியர் விகிதமும் அதே அளவில் நீள்வதால், 4.10 விகிதம் ஏறத்தாழ 3.84 போல் நடந்துகொள்ளும். ஏற்றங்களில் முன்னதாகவே கியரைக் குறைக்க வேண்டிவரும்.

கேள்வி: சேஸை விட்டுவிட்டு உடற்பகுதியை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட் போதாதா?

பதில்: டயருக்கு மட்டும் இடம் தேவையென்றால், சிறிய அளவில், போதும். சேஸும் தொட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதால் உங்கள் அடிப்பாகம் முன்பு போலவே இடிக்கும்.

கேள்வி: ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் வாங்கிவிட்டேன். பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வேலை தொடங்குமுன் சேஸை நன்றாகக் கழுவி, ஸ்பிரிங் தாங்கிகளையும் ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடத்தையும் விரிசலுக்கும் துருவுக்கும் சோதியுங்கள். ஸ்டியரிங் பாக்ஸைச் சுற்றி விரிசல் விடுவது பழைய பிக்கப்புகள் சிலவற்றில் நன்கறிந்த குறை. பெரிய டயர் அதை விரைவுபடுத்தும். விரிசல் இருந்தால் லிஃப்டைத் தள்ளிப்போட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஷாக் அப்சார்பரின் நீளத்தை இரு எல்லைகளிலும் சோதிக்க வேண்டும்: ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது ஷாக் முட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் தொட வேண்டும், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஷாக் நீண்டு இழுபடக் கூடாது. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் பழைய யு போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ஒருமுறை இறுக்கப்பட்டு நீண்டவை மறுபடி அதே பிடிப்பைத் தருவதில்லை. ஸ்பிரிங்கின் கண்களில் (முனைத் துளைகளில்) ரப்பர் புஷ் இருந்தால், வண்டி தன் முழு எடையோடு தரையில் நின்ற பிறகே அந்த போல்ட்டுகளை இறுதியாக இறுக்குங்கள். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே பிடிபட்டுச் சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்தபின் யு போல்ட்டுகளை மீண்டும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சோதித்து, அலைன்மென்ட்டையும் முகப்பு விளக்குகளின் சாய்வையும் சரிசெய்துகொள்ளுங்கள். உயர்ந்த வண்டியின் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழும். மாற்றத்தை உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, உங்கள் பகுதிச் சட்டம் தனி அனுமதி கேட்கிறதா என்பதைப் பொருத்துமுன்பே விசாரித்துவிடுங்கள்.