உண்ணிக்கடியால் வந்த இறைச்சி ஒவ்வாமை: உணவகத்தின் மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: அமெரிக்காவின் வட கரோலினாவில் வேலை செய்தபோது உண்ணி கடித்ததில் எனக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சிகள் ஒவ்வாமல் போயின. அங்கு இரத்தப் பரிசோதனையிலும் இது உறுதியானது. கடந்த மாதம் கொழும்பில் ஓர் உணவகத்துக்கு இதை முன்கூட்டியே வட்ஸ்அப்பில் எழுதித் தெரிவித்துவிட்டு, இரவு 8 மணிக்கு அங்கே கோழி பிரியாணி சாப்பிட்டேன். பிறகு 10.30 அளவில் காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டோம். நள்ளிரவில் உடலெங்கும் தடிப்பும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டு, தனியார் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டேன். சோற்றை ஆட்டெலும்புச் சாற்றில் அவித்ததாக உணவகம் மறுநாள் வட்ஸ்அப்பிலேயே ஒப்புக்கொண்டது. நேரில் போய்க் கேட்டபோது முகாமையாளர், “உண்ணி கடித்தால் இறைச்சி ஒவ்வாதா?” என்று எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். நட்டஈடு பெற முடியுமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: முகாமையாளர் சிரித்தது உங்களைப் புண்படுத்தியிருக்கும் என்பது விளங்குகிறது, ஆனால் அதற்கு இந்த வழக்கில் இடமில்லை. உணவகத்தின் கவனயீனத்தைக் காட்டுவதும் கடினமல்ல. நீங்கள் அனுப்பிய செய்தியும் அவர்கள் அனுப்பிய பதிலும் அதற்குப் போதுமானவை, ஆகவே அந்தத் தொலைபேசியை மாற்றாமலும் எதையும் அழிக்காமலும் வைத்திருங்கள். வழக்கின் முடிவைத் தீர்மானிக்கப்போவது, நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இறால் வடைதான்.

பெரும்பாலான உணவு ஒவ்வாமைகள் சாப்பிட்ட சில நிமிடங்களில், அல்லது இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிப்பட்டுவிடும். பாலூட்டிகளின் இறைச்சியிலுள்ள அல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு எதிராக எழும் உங்கள் ஒவ்வாமையோ, இரண்டு முதல் ஆறு மணித்தியாலம் கழித்தே வழக்கமாகத் தோன்றும். இதை அறியாத ஒருவர் நேரக்கணக்கைப் பார்த்தால் பிரியாணியை விட்டுவிட்டு இறாலைத்தான் சந்தேகிப்பார். அன்றிரவு உங்களைப் பரிசோதித்த வைத்தியரும் அப்படியே எண்ணியிருக்கக்கூடும். அனுமதிக் குறிப்பில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று நீங்கள் சொல்லவில்லை. கோரிக்கைக் கடிதம் அனுப்புவதற்கு முன்னரே அதன் பிரதியைப் பெற்றுப் பாருங்கள்.

அதில் “இறால் ஒவ்வாமை” என்று இருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் குறுக்கு விசாரணையில் வேறு ஆயுதம் தேவைப்படாது. கவனயீனத்தை நிரூபித்தவர் வென்றுவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். 2001இல் எமது உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில், வைத்தியரின் கவனயீனம் ஏற்றுக்கொள்ளப்பட்டும், குழந்தையின் மரணத்துக்கு அதுவே காரணம் என்பது நிரூபிக்கப்படாததால் தந்தையின் கோரிக்கை தோற்றது. உங்கள் வழக்கும் அதே இடத்தில்தான் தடுமாறும்.

இந்தக் கட்டத்தில் கட்சிக்காரர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. குறிப்பு பாதகமாக இருப்பதைக் கண்டதும் வைத்தியரிடம் ஓடி, அதைத் திருத்தித் தரும்படி கெஞ்சுவார்கள். திருத்தப்பட்ட குறிப்பு, திருத்தப்படாத குறிப்பைவிடப் பெரிய ஆபத்து, ஏனெனில் அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நீதிமன்றம் சந்தேகத்துடனேயே பார்க்கும். இருப்பதை இருப்பதாகவே விட்டுவிட்டு, நோயெதிர்ப்பியல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் அமெரிக்கப் பரிசோதனை அறிக்கையையும் அன்றைய நேர விபரத்தையும் கொடுத்து, இறாலுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்வித்து, அவருடைய கருத்தைத் தனி அறிக்கையாகப் பெறுங்கள். அவர் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியமளிக்கச் சம்மதிக்கிறாரா என்பதையும் அப்போதே கேளுங்கள், சம்மதிக்காத நிபுணரின் கடிதத்தை நம்பி வழக்குத் தொடர முடியாது. உண்மையை நிறுவுவதற்காக இறைச்சியையோ இறாலையோ மீண்டும் உண்டு பார்க்கும் எண்ணம் உங்களுக்கு இருக்குமானால், தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். எந்த நட்டஈடும் உயிருக்கு ஈடாகாது.

இன்னொரு கேள்வியும் வரும்: ஆபத்தை அறிந்திருந்த நீங்கள் அவசர அட்ரினலின் ஊசியை வைத்திருந்தீர்களா? இல்லையென்றால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் பங்குக் கவனயீனத்துக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படலாம்.

கால எல்லை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தீங்கியல் வழக்குக்கு (கவனயீனத்தால் நேர்ந்த தீங்குக்கு நட்டஈடு கோரும் வழக்கு) 2 ஆண்டுகள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான எழுத்துமூல முறைப்பாட்டுக்கு 3 மாதங்கள். இரண்டாவது எல்லைதான் உங்களை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

வெளிப்படையாகச் சொன்னால், நான் உங்கள் சட்டத்தரணியாக இருந்தால் சமரசத்தையே விரும்புவேன். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, நிபுணர் கட்டணமும் செலுத்தி, இறுதியில் இறால் வடையிடம் தோற்பதைவிட, ஒப்புக்கொண்ட செய்தி கையில் இருக்கும் இப்போதே வைத்தியசாலைக் கட்டணத்தையும் இழந்த சம்பளத்தையும் கேட்பது நல்லது. பேச்சுவார்த்தைக் கடிதங்கள் அனைத்திலும் “உரிமைகளுக்குப் பாதகமின்றி” (சமரசத்துக்காகச் சொன்னதைப் பின்னர் வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பது இதன் பொருள்) என்று குறிப்பிடுங்கள், முகநூலில் உணவகத்தின் பெயரைப் போடாதீர்கள். பணம் கைக்கு வரும்வரை “முழுமையாகத் தீர்க்கப்பட்டது” என்ற பற்றுச்சீட்டில் கையொப்பமிட வேண்டாம்.