கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில் சேர்த்தால் சைவப் பிள்ளை மாறிவிடுமா?

“நாங்கள் திருகோணமலையில் இருக்கும் சைவக் குடும்பம். மகளைக் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய ஆரம்பப் பாடசாலையில் தரம் 1இல் சேர்க்க விருப்பம். நாள் முழுவதும் செபம் சொல்லவைப்பார்களாம். பிள்ளை மாறிவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியான ஒரு பாடசாலையில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த கத்தோலிக்க ஆசிரியை நான். இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை.

உங்களுக்கு இதைச் சொன்னவர்கள் அநேகமாக உறவுக்காரர்களாக இருப்பார்கள். கலியாண வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், அன்றிரவு உங்களுக்கு நித்திரை வந்திருக்காது. உங்கள் பயத்தை நான் பிழை சொல்லவில்லை. சம்பந்தர் பதிகம் பாடிய கோணேசர் மலையின் அடியில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பதிகம் தெரியாமல் போய்விடுமோ என்று ஒரு தாய் கவலைப்படுவது நியாயம்தான்.

முதலில் பாடசாலை எது என்று பாருங்கள். புனிதரின் பெயர் பலகையில் இருப்பதால் அது திருச்சபையின் கையில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் உதவிப் பணத்தோடு சமய அமைப்புகள் நடத்திய ‘உதவி பெறும் பாடசாலைகளில்’ பெரும்பாலானவை அரசாங்கத்திடம் போய்விட்டன. பெயரும், முற்றத்தில் மாதா சிலை வைத்த கெபியும், காலைச் செபமும் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. சம்பளமும் பாடத்திட்டமும் அரசாங்கத்தினுடையவை. அந்தப் பாடத்திட்டத்தில் சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கத் திருமறை, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம். ஆகவே அதிபரிடம் நீங்கள் கேட்க வேண்டியது செபத்தைப் பற்றியல்ல. சைவநெறி பாட நேரத்தில் என் மகள் எங்கே இருப்பாள், கற்பிக்கப்போவது யார் என்று கேளுங்கள். ஆசிரியர் இல்லாமல் அந்தப் பாடவேளை வெறுமனே கழியும் பாடசாலைதான் உங்கள் பயத்துக்குத் தகுதியானது.

நாள் முழுவதும் செபம் என்பது மிகை. காலைக்கூட்டத்தில் சிலுவை அடையாளம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, திரித்துவப் புகழ். இடைவேளைச் சாப்பாட்டுக்கு முன் நாலு வரி. பெரிய வகுப்புகளில் மத்தியானம் மூவேளைச் செபம். ஒக்டோபரில் செபமாலை, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை. பாடசாலைத் திருநாளில் திருப்பலி இருக்கும். ஆனால் திருமுழுக்குப் பெற்று, ஆயத்த வகுப்புக்குப் போய், முதல் நன்மை எடுத்த பிள்ளைக்குத்தான் நற்கருணை, அதாவது திருப்பலியில் தரும் அப்பம், கொடுப்பார்கள். உங்கள் மகள் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

ஆள்சேர்க்கும் வேலைக்கு நான் வக்காலத்து வாங்குவதாகச் சிலர் கீழே எழுதுவார்கள் என்று தெரியும். அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய அறிக்கையையும் மற்றச் சமயங்களைப் பற்றிய அறிக்கையையும் 1965 ஒக்டோபர் 28 அன்று, ஒரே நாளில் வெளியிட்டது. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் படிக்கும் பாடசாலைகள் திருச்சபைக்கு மிகவும் பிரியமானவை என்கிறது முதலாவது. மற்றச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது மற்றது. பிள்ளையை வற்புறுத்துகிற ஆசிரியர் எங்கேயாவது இருந்தால் அவர் திருச்சபையின் சொல்லையும் மீறுகிறார். எல்லாப் பாடசாலையும் ஒழுங்கு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

என் தரம் 3 வகுப்பில், காலைக்கூட்டம் முடிந்து வந்ததும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். யாருக்காக மன்றாட வேண்டும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். அம்மம்மாவின் கால்வலி, கன்று போடப்போகும் மாடு, வெளிநாட்டில் இருக்கும் அம்மா என்று வரும். ஒரு கார்த்திகை மாதம், கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம், வழக்கமாகக் கைகட்டிச் சும்மா நிற்கும் ஒரு சைவப் பையன் கை உயர்த்தினான். கொட்பேயிலிருந்து போன அப்பாவின் படகு இன்னும் வரவில்லை என்றான். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று வகுப்பு முழுவதும் சொன்னது. அன்றைய சத்தம் வழக்கமான சத்தம் இல்லை. பையன் சாப்பாடு கொண்டுவரவில்லை என்பதும், வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இடைவேளையில் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் பெட்டிகளை அவனிடம் தள்ளினார்கள். நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எஞ்சின் பழுதாகி நின்ற படகை வேறொரு படகு இழுத்துக்கொண்டு வந்தது. செபத்தால்தான் வந்தது என்று உங்களை நம்பவைக்க இதை எழுதவில்லை. நான் அப்படி நம்புகிறேன், அது என் விசுவாசம். பையனின் தாய் பத்திரகாளி அம்பாளுக்கு நேர்ந்திருந்தார். கோவிலிலிருந்து நேரே பொங்கலோடு வகுப்பு வாசலுக்கு வந்து, “பிள்ளைகள் எல்லோரும் கேட்டது டீச்சர், எல்லோரும் சாப்பிட வேண்டும்” என்றார்.

அடுத்த நாள் முறைப்பாடு வந்தது. வந்தது எங்கள் பக்கத்திலிருந்து. படைத்ததை என் பிள்ளைக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று ஒரு கத்தோலிக்கத் தந்தை கேட்டார். விரும்பிய பிள்ளைகள்தான் எடுத்தார்கள் என்று சொன்னேன், அவர் சமாதானமாகவில்லை. பங்குத்தந்தை விவிலியத்தை எடுத்து, புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் வாசித்தார். உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதில்லை என்கிற பவுல், வலுவற்ற மனச்சாட்சி உள்ளவருக்கு இடறலாக இருக்காதே என்றும் அங்கேயே எழுதுகிறார். அதன்பின் பெற்றோரின் சம்மதம் கேட்டுத்தான் எதையும் பகிர்ந்தோம். பொங்கல் வந்த பாத்திரத்தை மட்டும் வெறுமையாகத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வாழைப்பழம் வைத்துக் கொடுத்தேன்.

அந்தப் பையன் இன்றும் சைவன்தான். அவனுடைய திருமணத்துக்குக் கோவிலுக்குப் போய் வாழ்த்திவிட்டு வந்தேன்.

உண்மையில் பிள்ளைகளிடமிருந்து சமயத்தைப் பறிப்பது எது என்று கேட்டால் என் கோபம் வேறு பக்கம் போகும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. தரம் 4 வந்தவுடனே மாதிரி வினாத்தாள் செய்ய வேண்டும், மத்தியானச் செபத்தை விட்டுவிடுங்கள் என்று பெற்றோரே வந்து சொல்வார்கள். ஞாயிறு காலையில் தனியார் வகுப்பு. அதே நேரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, உங்கள் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு. இரண்டுமே காலியாகக் கிடக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் புத்தகப்பையோடு ஓட்டோவில் தூங்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. மதமாற்றம் என்று பயப்படும் வீடுகளிலும் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். மகள் வீட்டில் “அருள் நிறைந்த மரியே” என்று சொன்னால் அதட்டாதீர்கள். சொல்லிக்கொண்டிருக்கிறவளைப் பொழுதுபட விளக்குக்கு முன்னால் இருத்தித் தேவாரமும் சொல்லிக்கொடுங்கள். அந்த வேலையை எந்தப் பாடசாலையும் உங்களுக்காகச் செய்யாது. விண்ணப்பம் கொடுக்க முன்னர் அனுமதி கேட்டு ஒரு நாள் காலைக்கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். கைகூப்பாமல் நிற்கிற பிள்ளைகள் சிலர் கட்டாயம் இருப்பார்கள். அவர்களை ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். முறைத்தாலோ அதட்டினாலோ அந்தப் பாடசாலை வேண்டாம்.