சந்தேகமும் மன்னிக்கப்படாத பாவமும்

கேள்வி: ஜெபிக்கும்போதே ‘கடவுள் இருக்கிறாரா?’ என்று மனம் கேட்கிறது. மன்னிப்பே இல்லாத பாவத்தைச் செய்துவிட்டேனோ?

பதில்: ‘பரிசுத்த ஆவியைப் பழித்துப் பேசுகிறவனுக்கு ஒருபோதும் மன்னிப்பில்லை’ என்னும் பைபிள் வசனமான மாற்கு 3:29-ஐ மட்டும் தனியே பிய்த்துப் படிப்பதால்தான் பெரும்பாலும் இந்தப் பயம் வருகிறது. 22 முதல் 30 வரை ஒரே மூச்சில் படியுங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்துவதைப் பார்த்தும், அது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்றார்கள் வேதபாரகர், அதாவது யூத மதச் சட்ட அறிஞர்கள். எச்சரிக்கை அவர்களுக்கு, காரணத்தை 30-ஆம் வசனமே சொல்லிவிடுகிறது: இயேசுவை ‘அசுத்த ஆவி பிடித்தவன்’ என்றார்கள். 28-இல் எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படும் என்றிருக்கிறதே, அதை ஏனோ யாரும் மனப்பாடம் செய்வதில்லை!

சந்தேகம் வேறு ரகம். மாற்கு 9:24-இல், அசுத்த ஆவி பிடித்த மகனோடு வந்த ஒரு தகப்பன், ‘விசுவாசிக்கிறேன்’ என்ற வாயாலேயே அவிசுவாசம் நீங்க உதவி கேட்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையன் குணமானான். அந்த வரியையே ஜெபமாக்குங்கள். பயம் தூக்கத்தைக் கெடுத்தால், போதகரோடு மருத்துவரையும் பாருங்கள்.