சின்ன நாட்டுக்கும் அதே கணக்குதான்

கேள்வி: வல்லரசு எதுவும் தன் வாசலில் எதிரிப் படையை விடாது. உலக அரசியலில் யதார்த்தவாதம் என்ற கோட்பாடு சொல்வது இதுதான். அந்தக் கோட்பாட்டைப் பேசும் அமெரிக்கப் பேராசிரியர் மியர்ஷைமரே உக்ரைன் சிக்கலுக்கு மேற்கு நாடுகள்தான் காரணம் என்கிறார். நீங்கள் ஏன் ரஷ்யாவையே குற்றம் சொல்கிறீர்கள்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: அவர் அப்படிச் சொன்னது உண்மை. அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோ 2008-இல் புக்கரெஸ்டில் கூட்டிய மாநாடு, உக்ரைனும் ஜார்ஜியாவும் உறுப்பினராகும் என்று அறிவித்தது. எப்போது என்று சொல்லவில்லை; அதுவரை யார் காப்பது என்றும் சொல்லவில்லை. ரஷ்யாவைச் சீண்டிவிட்டு உக்ரைனை வெட்டவெளியில் நிறுத்திய அறிவிப்பு அது.

சரி, அதே மியர்ஷைமர் 1993-இல் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள். சோவியத் யூனியன் கலைந்தபோது நெடுந்தூரம் பாய்ந்து தாக்கும் அணுகுண்டுகள் சுமார் 1,900 உக்ரைன் மண்ணில் இருந்தன. அவற்றைக் கொடுத்துவிட்டால் நாளை ரஷ்யாவைத் தடுக்க உக்ரைன் கையில் எதுவும் இருக்காது என்று அன்றே வாதிட்டார். (ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடம் இருந்தது, வைத்துக்கொள்வதும் லேசான காரியமில்லை.) உக்ரைன் கொடுக்கச் சம்மதித்தது. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்துப் போட்டன: உக்ரைனின் எல்லையை மதிப்போம், அதன்மேல் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று.

அப்புறம் 2010-இல் உக்ரைன் நாடாளுமன்றம், எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர மாட்டோம் என்று சட்டமே போட்டது. 2014 மார்ச்சில் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டபோது அந்தச் சட்டம் அமலில்தான் இருந்தது. அதைக் கைவிட்டது அந்த ஆண்டு டிசம்பரில். ஒதுங்கி நின்றும் அடி வாங்கிய நாடு வேறு என்ன செய்யும்? பலமான துணையைத் தேடும். நாடுகளுக்கு மேலே பஞ்சாயத்து செய்ய யாரும் இல்லை, அவரவர் உயிரை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதானே யதார்த்தவாதத்தின் முதல் பாடம்? அதை ரஷ்யாவுக்குப் பொருத்துகிறீர்கள், உக்ரைனுக்கு மறுக்கிறீர்கள். வல்லரசின் பயம் நியாயம், சின்ன நாட்டின் பயம் வம்பு என்பது அந்தக் கோட்பாட்டிலிருந்து வருவதில்லை.

பின்லாந்தையும் பாருங்கள். ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை கொண்ட நாடு, 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. ரஷ்யா கண்டித்தது, படையெடுக்கவில்லை. வாசலில் நேட்டோ என்பது மட்டுமே காரணம் என்றால் இதை எப்படி விளக்குவீர்கள்? 2021 ஜூலையில் புடின் எழுதிய நீண்ட கட்டுரையில், ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்பதுதான் மைய வாதம். பக்கத்து நாட்டைத் தனி நாடாகவே ஏற்க மனமில்லாத ஒருவரின் எழுத்து அது.

வல்லரசு ஏன் அடிக்கிறது என்று விளக்குவது ஒன்று, அடித்தது சரி என்பது வேறு. 2002-இல் ஈராக் போர் வேண்டாம் என்று அமெரிக்கப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த 33 அறிஞர்களில் மியர்ஷைமரும் ஒருவர். தன் நாட்டு அரசையே எதிர்த்துதான் அவர் கையெழுத்திட்டார். அமெரிக்கா ஈராக்கில் நுழைந்தது குற்றம் என்றால், 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் குற்றம்தான். அதனால்தான் ரஷ்யாவைக் குற்றம் சொல்கிறேன்.