வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை

கேள்வி: நெரிசலுக்கு ஒரே வழி, சாலையை அகலப்படுத்துவதும் மேம்பாலம் கட்டுவதும்தான். அதை விட்டுவிட்டு நடைபாதை, பஸ்ஸுக்குத் தனித் தடம், மரம், குளம் என்று காசைக் கரைக்கிறார்களே! வரி கட்டும் கார்க்காரன் என்ன பாவம் செய்தான்? (ஒரு வாசகர்)

பதில்: பாவம் ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்கு முன்னால் நகராமல் நிற்கும் காரில் இருப்பவரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு நெரிசல் நீங்கள்.

அகலப்படுத்தியும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி ஃப்ரீவே என்ற சாலையை, பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம் வரும் அளவுக்கு விரித்து 2008-இல் வேலையை முடித்தார்கள். கொஞ்ச காலம் நிம்மதி. அப்புறம் காலையும் மாலையும் பழையபடி ஊர்ந்தார்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும், கூட்டத்துக்குப் பயந்து நேரம் மாற்றிப் போனவர், பஸ்ஸில் போனவர், தொலைவில் வீடு வாங்கத் தயங்கியவர் எல்லாரும் அதில் வந்து இறங்கினார்கள். 27-ஆவது தடம் கேட்கலாமா?

தென்கொரியாவின் சியோல் நகரில் நேர்மாறாகச் செய்தார்கள். தினமும் லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் போன மேம்பாலச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, அதன் அடியில் புதைந்து கிடந்த சோங்கேசோன் ஓடையை 2005-இல் திறந்துவிட்டார்கள். (ஓடுவது பெரும்பாலும் பம்ப் வைத்து விடும் தண்ணீர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) இடையில் 2004-இல் பஸ் வழித்தடங்களை மாற்றியமைத்து, சாலை நடுவில் பஸ்ஸுக்குத் தனித் தடமும் போட்டார்கள். ஊர் ஸ்தம்பிக்கும் என்றார்கள். ஸ்தம்பிக்கவில்லை.

வரிக் கணக்குக்கு வருவோம். நடந்து போகிறவரும்தான் வரி கட்டுகிறார். சாலையின் ஒரு தடத்தில் கார்கள் மட்டும் போனால் மணிக்கு 1,600 பேர் கடப்பதே பெரிய விஷயம். அதே தடத்தைப் பஸ்ஸுக்கு ஒதுக்கி, அடுத்தடுத்து பஸ் விட்டால் 4,000 பேருக்கு மேல் போகலாம். காசைக் கரைப்பது எது?

நடைபாதைதான் உங்களுக்கு அதிகம் எரிச்சல் தருகிறது போல. பஸ் பயணம் ஸ்டாப்பில் தொடங்குவதில்லை ஐயா, வீட்டு வாசலில் தொடங்குகிறது. ஒரு நாள் அந்த நானூறு ஐநூறு மீட்டரை நடந்து பாருங்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் சரிவு வைத்து நடைபாதை ஏறி இறங்கும். நடுவில் மின்பெட்டி நிற்கும். மரத்தைச் சுற்றி அடிமரம்வரை சிமென்ட் பூசியிருப்பார்கள். வேருக்குத் தண்ணீர் போகாது, பெய்த மழைக்கும் மண்ணில் இறங்க இடமில்லை. முழங்கால் வலிக்காரர் அங்கேயே திரும்பிவிடுவார். மறுநாள் அவர் வீட்டிலும் ஒரு வண்டி வந்துவிடும். உங்களுக்கு முன்னால் இன்னொரு கார்!

அந்த ஒரு மரத்தடியில் மூன்று அடி மண்ணைத் திறந்துவிட்டால் நிழலும் கிடைக்கும், மழைநீரும் இறங்கும், ஆளும் நடப்பார். சுகாதாரம், போக்குவரத்து, வெள்ளத்தடுப்பு என்று மூன்று இலாகாவில் மூன்று கோப்பு திறக்க வேண்டியதில்லை.

குளம் வீண் என்கிறீர்கள். 2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டி, ஊரே மிதந்தது. வடிகால் குழாயைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது என்று அதற்கப்புறம்தான் உறைத்தது. எங்கவேபார்க்கன் என்ற பழைய பூங்காவையே தாழ்த்தியும் விளிம்பு கட்டியும், 20,000 கன மீட்டருக்கு மேல் மழைநீர் தேங்கும்படி மாற்றினார்கள். மற்ற நாளில் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மேம்பாலத்தில் அது நடக்காது.

ஒன்றில் மட்டும் உங்கள் கட்சி. நல்ல நடைபாதையைப் பெயர்த்துப் பளபளவென்று வழுக்கும் ஓடு பதிப்பது தண்டம்தான். பஸ் தடம் என்று வண்ணக்கோடு போட்டுவிட்டு அரை மணிக்கு ஒரு பஸ் விடுவதும் அப்படியே. அந்த மாதிரி எங்காவது கண்டால் மறுபடி எழுதுங்கள்; சேர்ந்தே திட்டுவோம்.