குதிரைக்கு என்ன தெரிகிறது?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஆறு வயது. செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் தசைகள் இறுகிப்போகும் குறை. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட் சொல்லி, நான்கு மாதமாக வாரம் ஒருமுறை குதிரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். இறங்கியதும் கொஞ்ச நேரம் கால்கள் தளர்வாக இருக்கின்றன. அங்கேயே பெரியவர்களுக்கும் ஒரு பயிற்சி நடக்கிறது. ‘குதிரை உங்கள் மனதைப் படிக்கும், உள்ளே இருக்கும் காயத்தை ஆற்றும்’ என்கிறார்கள். போன வாரம் அங்கே ஒரு குதிரையின் கழுத்தில் கை வைத்துச் சும்மா நின்றேன். அழுகை வந்துவிட்டது. என் கணவரோ, இதெல்லாம் காசு பிடுங்கும் வேலை என்று மகனுடையதையும் சேர்த்தே சொல்கிறார். எது உண்மை?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். முதலில் பையனைப் பார்ப்போம்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் சேர்ந்தே அசைகிறது. நாம் நடக்கையில் நம் இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இப்படித்தான். நடக்கச் சிரமப்படும் குழந்தையின் இடுப்புக்கு அங்கே உட்கார்ந்தபடியே நடை கிடைக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் முதுகும் வயிறும் தம்மைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அதோடு குதிரையின் உடம்பு நம்முடையதைவிடச் சற்றுச் சூடானது, 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தச் சூடு தொடையின் உட்பக்கத்தில் நேராகப் படுகிறது.

இப்படி ஒரு மையத்தில் இரண்டு வருடம் குதிரைக்குப் பக்கத்தில் நடந்து, குழந்தையின் காலைப் பிடித்துக்கொள்ளும் தொண்டு வேலை செய்திருக்கிறேன். முதல் சுற்றில் முழங்கால்கள் குறடு மாதிரி இறுகிக் கிடக்கும். மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோ, என் உள்ளங்கைக்குள் அந்தக் குதிகால் ஒரு விரற்கடை கீழே இறங்கும். நீங்கள் பார்த்த தளர்வு அதுதான்.

ஆனால் இறுக்கத்தின் வேர் மூளையில் இருக்கிறது. குதிரை அதை மாற்றாது. உட்காரும் நிலை, சமநிலை, பெரிய தசைகளின் இயக்கம் ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் கிடைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஓரளவுதான். அதனால் பிசியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே பார்த்தார்களா? இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுவது உண்டு. விலகியிருந்தால் சேணத்தில் காலை அகட்டி உட்கார வைப்பது ஆபத்து.

டென்மார்க்கின் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்ட்டெலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1944-இல், கர்ப்பிணியாக இருந்தபோது போலியோ வந்தது. முழங்காலுக்குக் கீழே செயலற்றுப் போனது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜூபிலி என்ற குதிரையில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஐரோப்பாவில் குதிரைச் சிகிச்சை பரவ அது பெரிய தூண்டுதல். ஆனால் குதிரையில் ஏறவும் இறங்கவும் அப்போதும் அவருக்கு ஆள் துணை தேவைப்பட்டது. கால்கள் திரும்பி வரவில்லை, அவர் சவாரிக்குத் திரும்பி வந்தார்.

சரி, இனி உங்கள் அழுகை.

நூறு வருடத்துக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டது. கேள்வி கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907-இல் ஓஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் விஷயத்தைக் கண்டுபிடித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸும் தவறியது. விடை தெரிந்தவர், சரியான எண் வந்ததும் தம்மை அறியாமலே தலையை இம்மியளவு நிமிர்த்துவார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். இதைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்டாலேயே தம் தலையசைவை அடக்க முடியவில்லை!

வேட்டையாடப்பட்டே பழகிய இனம் அது. யார் தோளை இறுக்குகிறார்கள், யார் மூச்சைப் பிடிக்கிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் பிழைத்து வந்திருக்கிறது. அது படிப்பது உங்கள் உடம்பை. உங்கள் கதை அதற்குத் தெரியாது. எனக்குத் தோன்றுவது இது: ஆறு வருடமாக உங்களைப் பார்ப்பவர்கள் எல்லாரும் பையனைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். அந்தக் குதிரை எதுவும் கேட்கவில்லை. நீங்கள் மூச்சை விட்டதும் அதுவும் கழுத்தைத் தளர்த்தியிருக்கும். அந்த அழுகை உண்மையானது, அதற்காக வெட்கப்படாதீர்கள்.

அதைச் சிகிச்சை என்று விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மனநோய்களுக்குக் குதிரையைக் கொண்டு செய்யும் சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், எல்லாமே பலவீனமானவை என்றுதான் எழுதினார்கள். மனதில் பழைய காயம் ஏதாவது இருந்தால், பக்கத்தில் முறையாகப் படித்த கவுன்சலர் ஒருவர் நிற்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் அதைக் கிளறிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் இடத்துக்குப் போகாதீர்கள். சும்மா குதிரையோடு நிற்க வேண்டுமா, தாராளமாக நில்லுங்கள். உங்கள் கணவரையும் ஒருநாள் கூட்டிப்போய்ப் பையனின் குதிகாலைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், குதிரையையும் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகளைச் சுமக்கிறது என்று கேளுங்கள். காதுகளைப் பின்னால் ஒட்ட வைத்துக்கொண்டு, ஈ இல்லாதபோதும் வாலை விசிறினால், அது வேண்டாம் என்கிறது. நல்ல மையத்தில் அந்த நிமிடமே இறக்கிவிடுவார்கள். நாங்கள் ஒருநாள் அப்படி இறக்கிவிட்டபோது, சேணப் பட்டைக்கு அடியில் காசளவு புண் ஒன்று இருந்தது. யாரும் பார்த்திருக்கவில்லை.

எக்ஸ்ரே பார்த்தபின் எழுதுங்கள்.

அன்புடன்.