கர்த்தரை நம்புகிறவர் சேமிக்கலாமா, மாத்திரை போடலாமா, வேலைக்கு அலையலாமா?

கேள்வியில் மூன்று காரியங்கள் இருக்கின்றன: மாதாமாதம் கொஞ்சம் சேமிப்பது, வைத்தியம் பார்ப்பது, வேலை தேடுவது. மூன்றுமே "மாம்ச பெலத்தை நம்புவது", அதாவது தேவனை விட்டுவிட்டு மனித பலத்தை நம்புவது, ஜெபித்துவிட்டுக் காத்திருப்பதுதான் விசுவாசம் என்று உங்கள் சபையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். இன்னொருவரோ, தனக்குத்தானே உதவுகிறவனுக்குத்தான் கடவுள் உதவுவார் என்று பைபிளிலேயே எழுதியிருக்கிறது என்றிருக்கிறார். யார் சொல்வது சரி என்கிறீர்கள்.

இரண்டாமவர் சொன்ன வாக்கியம் பைபிளில் எங்கேயும் இல்லை. சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டவனிடம் ஹெர்குலிஸ் சொல்வதாக ஈசாப் கதைகளில் வரும் அறிவுரை அது. பெஞ்சமின் பிராங்கிளின் 1736ஆம் வருடப் பஞ்சாங்கத்தில் அச்சடித்த பிறகு வேதவசனம் மாதிரியே புழங்க ஆரம்பித்துவிட்டது. ரோமர் 5:6 அதற்கு நேர்மாறாக, நாம் பெலனற்றவர்களாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது.

முதலாமவருக்குப் பதில் சொல்லும் முன் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். ரட்சிப்பில் சுயமுயற்சிக்குப் பங்கு கேட்பது ஒரு விஷயம். சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது வேறு விஷயம். முதலாவது பழைய வழக்கு. மனிதன் தன் சொந்தச் சித்தத்தாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்று பெலாஜியஸ் என்ற துறவி போதித்தார், அகஸ்டின் என்ற ஆயர் எதிர்த்தார், 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய சபைச் சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. பிரசங்கங்களில் "சுயபலம்" என்று சாடப்படுவது பெரும்பாலும் இதுதான். ரட்சிப்பு கிருபையினால், கிரியைகளினால் அல்ல என்கிற எபேசியர் 2:8-9ஐ எடுத்துவந்து வங்கிக் கணக்கின் தலையில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது என்பதற்கு யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் தண்ணீர் வேலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே வேலையைப் பாராட்டும் பகுதியும் உண்டு, கண்டிக்கும் பகுதியும் உண்டு.

கிமு 701. அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டிப் பார்க்கிறார். ஆலயக் கதவுகளில் இருந்த தகட்டைக்கூட உரித்துக் கொடுக்கிறார் (2 இராஜாக்கள் 18:14-16). அப்படியும் படை எருசலேமுக்கு வந்து நிற்கிறது. முற்றுகையில் ஊர் விழுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். எருசலேமின் ஊற்றான கீகோன் மலைச்சரிவின் அடியில் இருந்தது. எசேக்கியா அதன் வெளிவாயை அடைத்து, தண்ணீரைப் பாறைக்குள் குடைந்த வாய்க்கால் வழியாக நகரத்துக்குள் கொண்டுவந்தார். அவர் காலத்தது என்று பொதுவாகக் கருதப்படும் அந்தச் சுரங்கத்தில் இன்றைக்கும் தண்ணீரில் நடந்து போகலாம். நீளம் சுமார் 533 மீட்டர், ஆனால் மொத்தச் சரிவு ஏறக்குறைய ஒரு அடிதான். இரண்டு கூட்டம் இரண்டு முனையிலிருந்தும் குடைந்து வந்து நடுவில் சந்தித்திருக்கிறது. 1880இல் உள்ளே கண்டுபிடிக்கப்பட்ட கல்வெட்டு அந்தக் கடைசி நேரத்தைச் சொல்கிறது: மூன்று முழம் பாறை மிச்சமிருக்கும்போது எதிர்ப்பக்கத்து ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது, பிறகு உளிகள் சந்தித்தன, தண்ணீர் 1,200 முழ தூரம் குளத்துக்கு ஓடியது. கிடைத்திருக்கும் ஆறு வரிகளில் ராஜாவின் பெயரும் இல்லை, கர்த்தருடைய பெயரும் இல்லை. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் படித்தவருக்கு அது கண்ணில் படாமல் போகாது.

2 நாளாகமம் 32:30 இந்த வாய்க்காலைக் குறிப்பிட்டு, எசேக்கியா செய்ததெல்லாம் வாய்த்தது என்று மெச்சுகிறது. ஏசாயா 22:8-11இல் தொனி வேறு: ஆயுதசாலையைப் பார்த்தீர்கள், மதிலின் பிளவுகளைப் பார்த்தீர்கள், வீடுகளை எண்ணினீர்கள், மதிலைக் கெட்டியாக்கச் சில வீடுகளை இடித்தீர்கள், தண்ணீருக்கு இடம் வெட்டினீர்கள், இதையெல்லாம் ஏற்படுத்தினவரை மட்டும் பார்க்கவில்லை. குடைந்தது தப்பு என்று தீர்க்கதரிசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கணக்கு எடுக்கிறார். அதில் கர்த்தருக்கான இடம் காலி. கேள்வி முழுவதற்கும் என் பதில் இந்த வசனப் பகுதிதான்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சனகெரிப்பின் மிரட்டல் கடிதம் வந்தபோது எசேக்கியா அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். மதிலும் வாய்க்காலும் கையில் இருந்தபோதுதான் விரித்தார். அவர் சறுக்கியது பிற்பாடு, பாபிலோன் தூதர்கள் வந்தபோது. பொக்கிஷசாலையைத் திறந்து ஒன்று விடாமல் காட்டினார் (2 இராஜாக்கள் 20:13). பற்றாக்குறையில் ஜெபிக்கத் தெரிந்தவருக்குக் கையில் நிறைய இருந்தபோதுதான் தடுமாற்றம். சபைகளில் இதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

ஆயத்தமே கூடாது என்று தேவன் சொன்ன இடங்களும் உண்டு; ஆனால் அவை குறிப்பிட்ட கட்டளைகள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தை மறுநாளுக்கு வைக்காதே என்றார், வைத்ததில் புழு விழுந்தது. அதே மன்னாவை வெள்ளிக்கிழமை ஆளுக்கு இரண்டு ஓமர், அதாவது ஏறக்குறைய நாலு லிட்டர், எடுத்து வைக்கச் சொன்னவரும் அவரே, அது கெடவில்லை. வானத்திலிருந்து வந்த ஆகாரத்தையும் காலையில் வெளியே போய்ப் பொறுக்கி, அரைத்தோ இடித்தோ சமைக்க வேண்டியிருந்தது (எண்ணாகமம் 11:8). கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள் மன்னா நின்றுபோனது. அதற்குப் பிறகு உழவுதான். உழுதவர்கள் அவிசுவாசிகள் ஆகிவிடவில்லை. "என் கைப்பெலன் இதைச் சம்பாதித்தது" என்று சொல்லிவிடாதே என்ற எச்சரிக்கை (உபாகமம் 8:17) அந்த உழவுக் காலத்துக்காகவே முன்கூட்டிக் கொடுக்கப்பட்டது.

"ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்கவில்லையே" என்று அடுத்துச் சொல்வார்கள். சரிதான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836இல் அநாதை இல்லம் தொடங்கி, பிறகு ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய வீடுகள் கட்டி, ஒரே நேரத்தில் 2,000க்கு மேல் பிள்ளைகளை வைத்துப் பராமரித்தவர். பணம் வேண்டும் என்று மனிதரிடம் கேட்பதில்லை என்பது அவர் விதி. ஆனால் அவருடைய மற்ற விதிகளை யாரும் சொல்வதில்லை. கடன் வாங்கக் கூடாது. பாலுக்கும் ரொட்டிக்கும் வாரக் கணக்கு வைத்தால் அதுவும் கடனாகிவிடலாம் என்று அன்றன்றே காசு கொடுத்தார். ஒரு காரியத்துக்கென்று வந்த காணிக்கையை வேறு செலவுக்குத் தொடமாட்டார். வருடாவருடம் வரவுசெலவு அச்சாகும். அந்த அறிக்கையே மறைமுக வேண்டுகோள்தானே என்று அப்போதே விமர்சனம் வந்தது. அதில் நியாயமும் உண்டு. 1841 கடைசியில் கையிருப்பு வற்றியிருந்தபோது, அறிக்கை வெளியிட்டால் ஜாடை காட்டினதாகிவிடும் என்று அதைத் தள்ளிப்போட்டார்.

அவருடைய முறை எப்படி வேலை செய்தது என்பதை 1857 நவம்பரில் நடந்த கொதிகலன் பழுதில் பார்க்கலாம். முதல் வீட்டில் சுமார் 300 பிள்ளைகள். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகுகிறது. சுற்றிலும் செங்கல் கட்டு, அதனால் எங்கே ஓட்டை என்று தெரியாது. செங்கலை உடைத்தால் நெருப்பை அணைத்தாக வேண்டும், பிள்ளைகள் குளிரில் நடுங்குவார்கள். உடைக்காமல் விட்டால் குளிர்காலத்தின் நடுவில் முழுக்க நின்றுபோகலாம். முல்லர் ஆட்களுக்குச் சொல்லி நாள் குறித்தார். குறித்த பிறகு கடும் வாடைக்காற்று தொடங்கியது. நாளை மாற்றவில்லை. இரண்டே காரியத்துக்காக ஜெபித்தார்: காற்று தெற்கே திரும்ப வேண்டும்; எருசலேம் மதிலைக் கட்டின நெகேமியா காலத்தில் இருந்தது போல வேலையாட்களுக்கு வேலை செய்ய மனம் வேண்டும். குறித்த நாளில் தென்காற்று வீசியது. ராத்திரி நேரமாகும்வரை பார்த்துவிட்டுக் காலையில் சீக்கிரம் வருவார்கள் என்று வேலையாட்களின் முதலாளி சொல்ல, விடிய விடியப் பார்க்கிறோம் என்று ஆட்களே சொன்னார்கள். ஏறக்குறைய 30 மணி நேரத்தில் ஓட்டையை அடைத்து நெருப்பு மூட்டியாகிவிட்டது. ஓட்டையை அடைக்க தேவதூதன் வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆள் வைத்துச் செய்ய முடிந்ததற்கு ஆள் வைத்தார்; காற்றையும் ஆட்களின் மனதையும் ஜெபத்துக்குக் கொண்டுபோனார்.

முல்லரின் மைத்துனர் குரோவ்ஸ் இந்தியாவுக்கு மிஷனரியாக வந்தவர். அவருடைய தாக்கத்தில் மிஷன் சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்தவர் திருநெல்வேலிக்காரரான அருளப்பன். நம்மூர் "விசுவாச ஊழியத்தின்" ஒரு வேர் அங்கே இருக்கிறது. இன்று அதே பெயரில், ஜெபக்குறிப்பு என்று தொடங்கி வங்கிக் கணக்கு எண்ணில் முடியும் செய்திகள் வருகின்றன. பணம் கேட்பதில் தப்பில்லை. கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்பதுதான் கோளாறு.

இனி உங்கள் மூன்று காரியங்கள்.

வைத்தியம். யூதாவின் ஆசா ராஜா நோயில் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரையே தேடினான் என்ற வசனம் (2 நாளாகமம் 16:12) உங்களிடம் காட்டப்பட்டிருக்கும். அதே அதிகாரத்தில், இஸ்ரவேலின் படை வந்தபோதும் அவன் கர்த்தரைத் தேடாமல் ஆலயத்து வெள்ளியை எடுத்துச் சீரியருக்குக் கொடுத்து அவர்கள் துணையைக் கேட்டான். வியாதிக்கு முன்பே பழகின புத்தி அது. சாகக் கிடந்த எசேக்கியாவுக்கோ ஆயுளில் 15 வருஷம் கூட்டித் தருவதாக வாக்கு கிடைத்த பிறகு ஏசாயாவே அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் பற்றுப் போடச் சொன்னார். ஆகவே ஜெபியுங்கள், மாத்திரையையும் போடுங்கள். இதில் விளையாட்டு கூடாது. இன்சுலினை மட்டுமே நம்பி உயிரோடு இருக்கும் சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளர்ந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். சுகமாகிவிட்டது என்று நம்பினால் பரிசோதனைக்குப் போங்கள். குஷ்டரோகியைச் சுகமாக்கின இயேசுவே, ஆசாரியனிடம் போய்க் காட்டு என்றுதான் அனுப்பினார்.

சேமிப்பு. எகிப்தில் யோசேப்பும் களஞ்சியத்தில் சேர்த்தார், லூக்கா 12இல் வரும் ஐசுவரியவானும் பெரிய களஞ்சியம் கட்டிச் சேர்க்க நினைத்தான். யோசேப்பு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு வருடம் எடுத்து வைத்து ஊருக்கே சோறு போட்டார். மற்றவன் பேச்சில் "என் களஞ்சியம், என் தானியம், என் ஆத்துமா" என்பதைத் தாண்டி ஒரு ஆள் கிடையாது. மூன்று முதல் ஆறு மாத வீட்டுச் செலவும் ஒரு மருத்துவக் காப்பீடும் இருப்பது அவிசுவாசம் ஆகாது. சேமிப்பு ஏற ஏற, கொடுக்கிற கை சுருங்குகிறதா என்று பாருங்கள், அங்கே தெரிந்துவிடும். மறுபக்கத்தில், "கர்த்தர் தருவார்" என்று வட்டிக்கு வாங்குவதையும் அடுத்தவரை ஜாமீன் நிறுத்துவதையும் விசுவாசம் என்று சொல்லாதீர்கள். தராவிட்டால் கட்டப்போவது ஜாமீன் போட்ட ஆள்.

வேலை. எங்கே விண்ணப்பிப்பது, எதை ஏற்பது என்று முடிவெடுக்க, முல்லர் எழுதிவைத்த வரிசை உபயோகமானது. முதலில் இந்தக் காரியத்தில் எனக்கென்று சொந்த ஆசை இல்லை என்கிற நிலைக்கு மனதைக் கொண்டுவருவது. பெரும்பாலான சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும் என்பார். பிறகு வெறும் உணர்ச்சியை நம்பாமல் வசனத்தைப் பார்ப்பது, சூழ்நிலையைக் கணக்கில் எடுப்பது, ஜெபிப்பது, அதன்பின் தன் அறிவுக்கு எட்டின வரை யோசித்து முடிவெடுப்பது. இரண்டு மூன்று தடவை ஜெபித்தும் மனம் அமைதியாக இருந்தால் இறங்குவது. புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையையோ, கண்ணை மூடிப் பிரித்த பக்கத்தையோ வைத்து வேலையை விடுவது இந்த வரிசையில் இல்லை. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று எழுதிய பவுல் கூடாரத் தொழிலாளி. இராவும் பகலும் உழைத்தேன் என்கிறார். உழைத்தும் வேலை கிடைக்காதவரைப் பற்றிய வசனம் அல்ல அது. அதை அவர்மேல் எறிகிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

வேலை கிடைக்கும்வரை வீட்டுச் செலவுக்குச் சபையில் உதவி கேட்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கேட்கலாம். முல்லர் கேட்கவில்லை, பவுல் எருசலேமில் கஷ்டப்பட்டவர்களுக்காகப் பல சபைகளிடம் வெளிப்படையாகவே கேட்டார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள் என்று முறையும் சொன்னார் (1 கொரிந்தியர் 16:2). பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குறை சொல்லக் கூடாது என்று சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூடச் சேர்த்துக்கொண்டார். நீங்களும் போதகரிடம் பொதுவாகக் கஷ்டம் என்று சொல்லாமல் எவ்வளவு, எதற்கு, எத்தனை மாதத்துக்கு என்று சொல்லுங்கள். வாங்கினதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.